சைஸ் 3-4 அடிச்சா எக்செல்ல ஏப்ரல் 3 வருதே, வைரஸா?

கேள்வி இதுதானுங்க. திருப்பூர்ல கொழந்தைங்க துணி பண்ற ஒரு பனியன் கம்பெனில பேக்கிங் லிஸ்ட் போடற அம்மிணி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: சைஸ் காலத்துல (மேல இருந்து கீழ போற காலம் வரிசைல) 3-4னு அடிச்சா அதுவா 03-ஏப்ரல்னு மாறிக்குது, சரின்னு அதை டெக்ஸ்ட்டா மாத்துனா 45750ன்னு சம்பந்தமே இல்லாத நம்பர் வருது, கார்ட்டன் ஸ்டிக்கர் நம்பர்ல கடைசி மூணு இலக்கமும் 000 ஆயிருது, சம்பள லிஸ்ட்ட சேவ் பண்ணி தொறந்தா தமிழ் பேரெல்லாம் கிறுக்கலா வருது, சிஸ்டம் பாக்கற பையன் வைரஸ்தான் பார்மேட் அடிக்கோணும்ங்கறான், நெசமாங்கண்ணா?

பார்மேட் எல்லாம் வேண்டாமுங்க. புது லேப்டாப் வாங்கி ஒரிஜினல் லைசென்ஸ் போட்டாலும் இதே கூத்துதான் நடக்கும். நாலும் வேற வேற கோளாறு மாதிரி தெரியுது, ஆனா வேர் ஒன்னுதான், நீங்க அடிச்சது நம்பரா தேதியா வெறும் எழுத்தான்னு எக்செல் உங்கள கேக்காம அதுவா முடிவு பண்ணிக்குது. எலை போட்ட ஒடனே சாம்பாரா ரசமான்னு கேக்காம ஊத்திட்டு அடுத்த எலைக்குப் போயிடறவர் மாதிரி. நெறைய நேரம் நாம கேக்கப் போறதைத்தான் ஊத்துவாரு, அதனால கண்டுக்க மாட்டோம்.

மொதல்ல அந்த 45750. எக்செல்லுக்குள்ள தேதின்னு ஒரு ஐட்டமே கெடையாதுங்க, வெறும் நாள் கணக்கு மட்டும்தான். 1900 ஜனவரி 1ந் தேதிய 1ன்னு வெச்சு அங்கிருந்து ஒன்னு ஒன்னா எண்ணிக்கிட்டே வரும், அப்படி எண்ணுனா 2025 ஏப்ரல் 3 வர்றப்ப 45750. நீங்க 3-4னு அடிச்சு என்டர் தட்டுன அந்த செகண்டே உங்க 3ம் போச்சு 4ம் போச்சு, உள்ள இருக்கறது 45750 மட்டும்தான், 03-ஏப்ரல்ங்கறது அதுக்கு மேல போட்ட சட்டை. அப்பறமா பார்மேட்ட டெக்ஸ்ட்டுன்னு மாத்துனா சட்டைய கழட்டிட்டு உள்ள இருக்கறத காட்டுது, அவ்வளவுதான். வருசத்த நீங்க சொல்லவே இல்ல, அதுவா நடப்பு வருசத்த சேத்துக்கும், அங்கதான் நெம்ப மோசமான ஒரு விசயம் இருக்கு. 2025ல அடிச்ச 3-4க்கு உள்ள 45750 இருக்கும், 2026ல அடிச்ச 3-4க்கு உள்ள 46115 இருக்கும், ரெண்டும் வெளிய பாத்தா 03-ஏப்ரல்தான். பழைய ஆர்டர் பைல காப்பி பண்ணி அதுலயே புது வரிய சேக்கறது நம்மூர்ல எல்லாரும் பண்றதுதான், அப்படி சேத்துட்டு சைஸ்வாரியா கூட்டிக் காட்டற பிவட் டேபிள் போட்டீங்கன்னா ஒரே சைஸ் ரெண்டு வரியா வந்து நிக்கும், பீஸ் கணக்கு பிரிஞ்சு போகும், ஏன்னே புரியாது.

2-3, 3-4, 5-6, 7-8, 9-10, 11-12 எல்லாமே இதுல மாட்டும். 13-14 மட்டும் தப்பிச்சிரும், ஏன்னா 13ம் மாசமும் கெடையாது 14ம் மாசமும் கெடையாது. ஒரே காலத்துல 13-14 மட்டும் எடது பக்கம் ஒட்டிட்டு மத்ததெல்லாம் வலது பக்கம் ஒட்டிட்டு நின்னா ஒடனே சந்தேகப்படுங்க. நீங்க அலைன்மென்ட்ட கையால மாத்தாத வரைக்கும் எழுத்து எடது பக்கம், நம்பரும் தேதியும் வலது பக்கம் நிக்கும். எக்செல்ல நோவு பாக்கறதுக்கு இதுக்கு மேல சுளுவான வழி இல்லைங்க.

இதுல இன்னொரு கூத்தும் உண்டு. அதே சிஸ்டத்துல விண்டோஸ் ரீஜன் அமெரிக்கான்னு இருந்தா 3-4ங்கறது மார்ச் 4 ஆயிரும். அமெரிக்க பையர் அனுப்பற டெலிவரி தேதியிலயும் இதே வம்புதான், 05/06/2025ன்னு வர்ற சிஎஸ்விய (நடுவுல கமா போட்டு வெறும் எழுத்தா இருக்கற பைல்) நம்ம சிஸ்டத்துல தொறந்தா ஜூன் 5, அவிய நெனச்சது மே 6. இதுல 12க்கு மேல போற தேதி, இப்ப 05/25/2025 மாதிரி, நம்ம கணக்குல தேதியே ஆகாது, அது எழுத்தாவே எடது பக்கம் நின்னுக்கும். ஒரே காலத்துல பாதி தேதி மாசம் மாறி வலதுலயும் பாதி எழுத்தா எடதுலயும் கெடக்கும். வலதுல நிக்கறதெல்லாம் சரியா இருக்குதுன்னு நெனச்சுட்டு எடதுல இருக்கறத மட்டும் கையால திருத்தற ஆளுங்கதான் ஜாஸ்தி, உண்மைல மாறிப்போனது வலது பக்கம் அழகா நிக்கறதுதான்.

சரி, ஏன் இப்படி ஊகம் பண்ணுது? இது எக்செல் காலத்துக்கும் முந்தின பழக்கமுங்க. 1979ல டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன்னு ரெண்டு பேரு ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு விசிகால்க்னு எக்செல் மாதிரி ஒரு சாப்ட்வேர் பண்ணாங்க, அதுலயே மொத எழுத்த பாத்துத்தான் முடிவு, எழுத்துல ஆரம்பிச்சா பேரு, நம்பர்ல ஆரம்பிச்சா கணக்கு. அப்பறம் 1983ல லோட்டஸ் 1-2-3 வந்துச்சு, அதுல மொதல்ல ஒத்தக் கொட்டேஷன் போட்டா "இது எழுத்து, எடது பக்கம் ஒட்டு"ன்னு அர்த்தம். இன்னைக்கும் எக்செல்ல நம்பருக்கு முன்னாடி ஒத்தக் கொட்டேஷன் போட்டா அப்படியே நிக்குதே, அது லோட்டஸ் விட்டுட்டுப் போன சொத்துதான். சொத்தோட சேந்து கடனும் வந்துச்சு. ஒரு செல்லுல 60ன்னு அடிச்சு தேதியா மாத்திப் பாருங்க, 1900 பிப்ரவரி 29ன்னு காட்டும். அப்படி ஒரு நாளே உலகத்துல கெடையாது, 1900 லீப் வருசமே இல்ல. லோட்டஸ்ல அந்த தப்பு இருந்துச்சு, லோட்டஸ் பைல் எக்செல்ல பிசகாம தொறக்கோணும்னு மைக்ரோசாப்ட் தெரிஞ்சே அதே தப்ப எடுத்து வெச்சுக்கிட்டாங்க, இப்பத் திருத்தப் போனா உலகத்துல இருக்கற அத்தனை பைல்லயும் தேதி ஒரு நாள் நகந்துரும், அதனால யாரும் கை வெக்கறதில்ல. பழைய மேக் எக்செல் 1904ல இருந்து எண்ணும், டிசைனர் மேக்ல போட்ட பழைய பைல்ல இருந்து தேதிய மட்டும் காப்பி பண்ணி நம்ம பைல்ல ஒட்டுனா 4 வருசம் 1 நாள் தள்ளிப் போயிருக்கும், சரியா 1462 நாள்.

இது நம்ம பனியன் கம்பெனிக்கு மட்டும் வந்த சோதனைன்னு நெனச்சுக்காதீங்க. மனுச உடம்புல இருக்கற ஜீனுக்கு விஞ்ஞானிங்க மார்ச் 1, செப்ட் 1ன்னெல்லாம் சுருக்கப் பேரு வெச்சிருந்தாங்க, எக்செல் அத்தனையும் தேதியாக்கி ஆராய்ச்சிக் கட்டுரையோட சேந்து அச்சும் ஆயிருச்சு. 2016ல ஒரு ஆய்வுல, எக்செல்ல ஜீன் லிஸ்ட் இணைச்ச கட்டுரைங்கள்ல அஞ்சுல ஒன்னுல இந்தத் தப்பு இருக்குதுன்னு கண்டுபுடிச்சாங்க. கடைசில எக்செல் மாறல, ஜீன் பேரு மாறிருச்சு! 2020ல அந்தப் பேர் வெக்கற கமிட்டியே மார்ச் 1ங்கறத மார்ச்எப் 1ன்னும், செப்ட் 1ங்கறத செப்டின் 1ன்னும் மாத்திட்டாங்க. அதுக்கும் அப்பறம் 2023லதான் மைக்ரோசாப்ட் இந்த ஊகத்த நிறுத்தறதுக்கு ஒரு ஸ்விட்ச் கொடுத்தாங்க, ஃபைல்ல ஆப்ஷன்ஸ் போயி டேட்டாங்கற பக்கத்துல ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வெர்ஷன்னு இருக்கும், புது வெர்ஷன்ல மட்டும். அதுல முன்னாடி வர்ற சைபர காப்பாத்தலாம், நீள நம்பர காப்பாத்தலாம், ஆனா தேதி விசயத்துல எழுத்தும் நம்பரும் ஒட்டி வர்ற ஜேன்1 மாதிரி மேட்டருக்கு மட்டும்தான் அது வேலை செய்யுது, நடுவுல கோடு வந்துட்டா பழைய கதைதான். உங்க 3-4க்கு பிரயோஜனம் இல்லைங்க.

முன்னாடி வர்ற சைபர்னு சொன்னேன் பாருங்க, அது நம்ம பக்கத்து ஆளுங்கள நெம்ப படுத்தற விசயம். பனியன்காரங்களுக்கு இதுல கவலை இல்ல, ஜிஎஸ்டி பில்லுல சரக்குக்குப் போடற ஹெச்எஸ்என் கோடு டி-ஷர்ட்டுக்கு 6109, கைக்கொழந்தைத் துணிக்கு 6111, முன்னாடி சைபரே இல்ல. பொள்ளாச்சி தேங்காய எடுத்துக்குங்க, 0801. ஈரோட்டு மஞ்சள் 0910, நாமக்கல் முட்டை 0407. மூணுமே சைபர்ல ஆரம்பிக்குது, எக்செல்ல அடிச்ச ஒடனே 801, 910, 407 ஆயிரும். காங்கேயத்துல கொப்பரையும் தேங்காயும் ரெண்டும் பாக்கற யாவாரிக்கு இது இன்னும் குழப்பம், கொப்பரை 1203, அது ஒன்னும் ஆகாது, தேங்காய் மட்டும் ஒதைக்கும், பில்லுல பாதி ஏறுது பாதி ஏறலைம்பாங்க. மஞ்சளோட ஆறு இலக்க கோடு 091030, சைபர் போச்சுன்னா 91030ன்னு நிக்கும், 9103ங்கறது கடிகாரத்துக்கு உண்டான கோடு! இதைப் புடிக்க ஒரு சுளுவு இருக்குதுங்க, ஹெச்எஸ்என் எப்பவுமே 2, 4, 6, 8ன்னு ரெட்டைப்படை இலக்கத்துலதான் வரும். ஒத்தைப்படைல நின்னா முன்னாடி ஒரு சைபர் போயிருச்சுன்னு அர்த்தம், நீளத்த எண்ணற லென் பார்முலா போட்டு ஒத்தைப்படையா வர்றத மட்டும் பில்டர் பண்ணுனா மொத்தமும் மாட்டிக்கும். அமெரிக்க பையர் அட்ரஸ்லயும் பாத்துக்குங்க, நியூ ஜெர்சி ஜிப் கோடெல்லாம் சைபர்ல ஆரம்பிக்கும். நம்ம பின்கோடு சைபர்ல ஆரம்பிக்கறதே இல்ல, அதுல தப்பிச்சோம்.

இப்ப கார்ட்டன் ஸ்டிக்கர் மேட்டருக்கு வர்றேன், நீங்க கேட்ட நாலுல ஆபத்தானது இதுதான். மத்ததெல்லாம் மீட்டுக்கலாம், இது போனா போனதுதானுங்க. எக்செல் ஒரு நம்பர்ல மொத 15 இலக்கத்த மட்டும்தான் வெச்சுக்கும், 16வதுல இருந்து எல்லாத்தையும் சைபராக்கிரும், ஒரு வார்த்தை கூட சொல்லாது. கம்ப்யூட்டர் இந்த மாதிரி நம்பர வெக்கறதுக்கு 64 பிட் எடம் ஒதுக்குது, அதுல இலக்கத்துக்குன்னு கெடைக்கறது 53 பிட், 15 இலக்கம் வரைக்கும்தான் எந்த நம்பர் வந்தாலும் பிசகாம நிக்கும்னு உறுதி சொல்ல முடியும், அதனால எக்செல் அங்கயே வெட்டிருது. எக்ஸ்போர்ட் பொட்டில ஒட்டற எஸ்எஸ்சிசி நம்பர் 18 இலக்கம். மொதல்ல ஒரு இலக்கம், அப்பறம் கம்பெனிக்கு உண்டான நம்பர், அப்பறம் பொட்டிக்குப் பொட்டி மாறற வரிசை நம்பர், கடைசில நம்பர் சரியா இருக்குதான்னு சோதிக்கற ஒரு செக் டிஜிட். இப்ப கடைசி மூணும் 000 ஆயிருச்சுன்னா என்ன போச்சுன்னு பாருங்க: செக் டிஜிட் போச்சு, வரிசை நம்பரோட கடைசி ரெண்டு இலக்கம் போச்சு, அதாவது தொடர்ச்சியா வர்ற 100 பொட்டிக்கு ஒரே நம்பர். பையரோட வேர்ஹவுஸ்ல ஸ்கேன் பண்ணா மொதப் பொட்டி வந்துச்சுங்கும், ரெண்டாவது பொட்டிய இது முன்னாடியே வந்துருச்சேங்கும். அந்த பைல்ல இருந்தே ஸ்டிக்கர் அடிச்சிருந்தீங்கன்னா மொத்தத்தையும் கிழிச்சுட்டு மறுக்கா அடிக்கறது தவிர வேற வழி இல்ல, லோடு ஏத்தறதுக்கு முன்னாடி பாத்துட்டீங்கன்னா புண்ணியம்.

சில பேங்க்ல அக்கவுன்ட் நம்பர் 16 இலக்கம் இருக்குது பாருங்க, சனிக்கெழமை கூலிக்கு பேங்க்குல அப்லோட் பண்ற பைல்லயும் இதே ஆப்புதான், கடைசி இலக்கம் மட்டும் 0 ஆகும், நெறைய பேருக்கு 0ல முடியறது சாதாரணமா தெரியறதால கண்ணுக்கு மாட்டாது.

இதுல ஒரு உள்குத்து சொல்றேன், இது நெறைய பேருக்குத் தெரியாது. நீங்க ஜாக்கிரதையா காலத்த டெக்ஸ்ட்டுன்னு வெச்சு 18 இலக்கமும் முழுசா அடிச்சிருந்தாலும், டூப்ளிகேட் இருக்குதான்னு பாக்க, ஒன்னு எத்தனை தடவை வருதுன்னு எண்ணற கவுன்ட்இஃப் பார்முலா போட்டீங்கன்னா அது எழுத்தா இருக்கறத திரும்பவும் நம்பரா மாத்தித்தான் ஒப்பிட்டுப் பாக்கும், மொத 15 இலக்கம் ஒன்னா இருந்தா ஒன்னுதாங்கும். பொட்டி நம்பரெல்லாம் சரியாவே இருக்கும், அது அத்தனையும் டூப்ளிகேட்டுன்னு பொய் சொல்லும். தேடற மதிப்போட கடைசில ஒரு ஸ்டார் குறிய சேத்துக் கொடுத்தா எழுத்தாவே பாக்கும், சரியா வரும்.

ட்விட்டர்காரங்களுக்கே இது நடந்துச்சுங்க. 2010ல அவங்க ட்வீட் ஐடி நீளமாப் போறப்ப ஜாவாஸ்கிரிப்ட்டால முழுசா புடிக்க முடியல, அதுலயும் இதே 53 பிட் சமாச்சாரம், 9007199254740992க்கு மேல போனா பக்கத்து பக்கத்து நம்பர பிரிச்சுப் பாக்க வராது. அதுக்கு அவங்க பண்ணது என்னன்னா, அதே ஐடிய எழுத்தாவும் ஒருக்கா சேத்து அனுப்ப ஆரம்பிச்சாங்க.

பார்கோடு 13 இலக்கம், அதனால 15க்குள்ள அடங்கிரும், ஆனா அதுல வேற வில்லங்கம். சாதா செல்லுல 12 இலக்கம் ஆனாலே எக்செல் சுருக்கிரும், இந்த 13 இலக்கத்த 8.90123 அப்பறம் ஒரு ஈ எழுத்து, பிளஸ் 12ன்னு காட்டும். உள்ள முழு நம்பரும் பத்திரமாத்தான் இருக்குது, நம்பர் பார்மேட் கொடுத்து டெசிமல எடுத்தா தெரியும், பயப்பட வேண்டாம். ஆனா அப்படியே சிஎஸ்வியா சேவ் பண்ணீங்கன்னா கண்ணுக்குத் தெரியறது எதுவோ அதைத்தான் எழுதும், உள்ள இருக்கறத எழுதாது! அப்பத்தான் நெசமா போகும். லாட் நம்பர் 45க்கு அப்பறம் ஈ எழுத்து அப்பறம் 3ன்னு வெச்சிருந்தா அதுவும் 45000 ஆயிரும், டையிங்ல லாட்டுக்கு நடுவுல ஈ போடறத விட்டுருங்க.

இதையெல்லாம் தடுக்கறதுக்கு வழி என்னன்னா, கூட்டவோ கழிக்கவோ போறதில்லைன்னா அது நம்பர் இல்லைங்க, எழுத்து. போன் நம்பர் ரெண்ட யாரும் கூட்டறதில்ல. அந்தக் காலம் முழுசையும் செலெக்ட் பண்ணி டெக்ஸ்ட்டுன்னு வெச்சுட்டு அப்பறமா அடிங்க, இந்த வரிசை முக்கியம், அடிச்சதுக்கப்பறம் மாத்தறது வீண். சைஸுக்கு 3-4ங்கறதோட வருசத்துக்கு உண்டான இங்கிலீஷ் ஒய் எழுத்தையும் சேத்து எழுதுனா தேதியாகவே ஆகாது, பையர் ஒத்துக்கிட்டா அது இன்னும் நல்லது. சிஎஸ்விய ரெட்டைக் கிளிக் பண்ணித் தொறக்காதீங்க, டேட்டா மெனுல ப்ரம் டெக்ஸ்ட் போயி டு நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்னு கொடுத்து எடுங்க. எக்செல்லுக்குப் பதிலா இருக்கற லிப்ரேஆபீஸ் இதுல தேவலாம், தொறக்கறப்பவே எந்தக் காலம் என்னன்னு ஒரு பொட்டி போட்டுக் கேட்டுரும். அப்பறம் டெக்ஸ்ட்டா வெச்ச செல்லோட மூலைல ஒரு பச்சை முக்கோணம் வரும், நம்பர எழுத்தா வெச்சிருக்கறீங்களே மாத்தட்டுமாங்கும், வேண்டாம்னு விட்டுருங்க, பச்சையா இருக்குதேன்னு ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் நல்லது பண்றதா நெனச்சு மொத்தத்தையும் செலெக்ட் பண்ணி கன்வெர்ட் அடிப்பாங்க பாருங்க, அவங்ககிட்ட இருந்து பைல காப்பாத்தறதுதான் கஷ்டம்.

சாப்ட்வேர் எழுதற தம்பிங்க படிச்சா ஒன்னு, பைத்தான்ல பாண்டாஸ் வெச்சுப் படிக்கறப்ப டைப் ஸ்டிரிங்குன்னு நீங்களே சொல்லிருங்க. சொல்லாம விட்டா, ஒரே ஒரு செல் காலியா இருந்தாப் போதும், மொபைல் நம்பர் காலம் முழுக்க தசமமாகி ஒவ்வொரு நம்பருக்கும் பின்னாடி புள்ளி சைபர் ஒட்டிக்கிட்டு வரும், எஸ்எம்எஸ் ஒன்னு கூடப் போகாது.

ஏற்கனவே கெட்டுப்போன பைலுக்கு: தேதியான சைஸ டே பார்முலா, மந்த் பார்முலா ரெண்டையும் நடுவுல ஒரு கோடு வெச்சு சேத்து மீட்டுக்கலாம், அடிச்ச சிஸ்டம் அமெரிக்கா ரீஜன்ல இருந்திருந்தா ரெண்டையும் மாத்திப் போடுங்க. ஹெச்எஸ்என்க்கு டெக்ஸ்ட் பார்முலால நாலு சைபரோ ஆறு சைபரோ கொடுத்தா முன்னாடி போனது வந்துரும். 000 ஆன கார்ட்டன் நம்பர் மட்டும் அந்த பைல்ல இருந்து வராது, நம்பர் எங்கிருந்து வந்துச்சோ அங்கிருந்தே மறுக்கா எடுக்கோணும்.

கடைசியா தமிழ் பேர். கிறுக்கல சித்த உத்துப் பாருங்க, தலைல கோடு போட்ட இங்கிலீஷ் ஏ எழுத்தும், வட்டத்துக்குள்ள ஆர் போட்ட டிரேட்மார்க் முத்திரையும் மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கும். அது வைரஸ் கையெழுத்து இல்லைங்க. யூடிஎப்-8ங்கற முறைல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூணு பைட்டு, எந்தத் தமிழ் எழுத்தா இருந்தாலும் மொத பைட்டு ஒன்னேதான், ரெண்டாவது பைட்டு ரெண்டே ரெண்டுல ஒன்னு. எக்செல் இது பழைய மேல்நாட்டு எழுத்து முறைன்னு ஊகம் பண்ணி ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தா படிக்குது, அந்த முறைல மொத பைட்டுக்கு கோடு போட்ட ஏ, ரெண்டாவதுக்கு பெரும்பாலும் ஆர் முத்திரை. பேரெல்லாம் பைல்ல பத்திரமாத்தான் இருக்குது, அதை நோட்பேட்ல தொறந்து பாருங்க, அழகா தமிழ்ல தெரியும். அப்படித் தெரிஞ்சா எக்செல்ல சேவ் பண்ணாம மூடிட்டு, மேல சொன்ன ப்ரம் டெக்ஸ்ட் வழியாவே போயி ஃபைல் ஒரிஜின்ங்கற எடத்துல 65001 யூடிஎப்-8 எடுத்துக்குங்க. இனிமே எக்செல்ல இருந்து சேவ் பண்றப்ப வெறும் சிஎஸ்வின்னு கொடுக்காதீங்க, லிஸ்ட்ல சிஎஸ்வி யூடிஎப்-8ன்னு தனியா ஒன்னு இருக்கும், அதைக் கொடுங்க, அது பைல் தலைப்புல மூணு பைட்டு அடையாளம் வெச்சுரும், அடுத்த தடவை எக்செல் ஊகம் பண்ணாம நேரா தமிழ்ல தொறக்கும். வெறும் சிஎஸ்வின்னு சேவ் பண்ணா தமிழ் எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டு எழுதிரும், அப்படி ஆன பைல்ல இருந்து பேர மீட்க முடியாது, பழைய எக்செல் பைல் இருக்குதான்னு தேடிப் பாருங்க.